கலப்பு உலோக ஆக்சைடு வினையூக்கிகளின் மேற்பரப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூளைத் தயாரித்து, சுட்டு, எக்ஸ்ஆர்டியும் (எக்ஸ் கதிரால் படிகக் கட்டமைப்பைப் பார்ப்பது) எடுத்தாயிற்று. அடுத்து எக்ஸ்பிஎஸ்ஸுக்கு (எக்ஸ் கதிர் அடித்து, வெளிவரும் எலக்ட்ரானின் ஆற்றலை அளப்பது) அனுப்பினோம், ஒரு கட்டு வரைபடங்கள் திரும்பி வந்திருக்கின்றன. சரி, இப்போது என்ன எழுதுவது? அந்தக் கட்டத்தில் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள் கேட்கும் கேள்விகள்தான் இவை. முடிந்த இடங்களில் இரும்பு மாலிப்டேட் (இரும்பும் மாலிப்டினமும் சேர்ந்த ஆக்சைடு) என்ற ஒரே பொருளை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். பத்துப் பொருளைத் தொட்டுத் தொட்டு விடுவதைவிட ஒன்றை உருப்படியாகப் பார்ப்பது நல்லது.

எக்ஸ்ஆர்டியிலேயே கட்டமைப்பு தெரிந்துவிடுகிறதே, மேற்பரப்பைத் தனியாகப் பார்ப்பானேன்?

பொன்முலாம் பூசிய பித்தளைச் செம்பை உருக்கிச் சோதித்தால் பித்தளை என்றுதான் முடிவு வரும். ஆனால் கை தொடுவது முலாமை. எக்ஸ்ஆர்டி ஏறக்குறைய உருக்கிப் பார்ப்பதுபோலத்தான். மைக்ரான் கணக்கில் உள்ளே போய், ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகங்களைக் காட்டும். மேலே ஓர் அணுத் தடிமனில் வேறோர் ஆக்சைடு படர்ந்திருந்தால் அதற்கென்று ஒரு பீக்கும் வராது. வாயு மூலக்கூறு வந்து உட்காருவதோ அந்த ஓர் அணுப் படலத்தில்.

கலப்பு ஆக்சைடில் இது இரட்டிப்பு முக்கியம். இரண்டு உலோகங்களைச் சேர்த்துச் சுடும்போது, எது வெளியே நின்றால் மேற்பரப்பு ஆற்றல் குறையுமோ அது வெளியே வரப் பார்க்கும். நீங்கள் தராசில் நிறுத்துப் போட்ட விகிதம் ஒன்று, வெளியே நிற்கும் விகிதம் இன்னொன்று.

இரும்பு மாலிப்டேட்டை ஏன் உதாரணமாக எடுத்தீர்கள்?

மெத்தனாலையும் காற்றையும் சேர்த்து ஃபார்மால்டிஹைடு தயாரிக்கத் தொழிற்சாலைகளில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வெள்ளி, 600 டிகிரிக்கு மேல். மற்றொன்று இரும்பு மாலிப்டேட், அதைவிடப் பல நூறு டிகிரி குறைவான வெப்பத்தில். இரும்பும் மாலிப்டினமும் சேர்ந்த ஆக்சைடு இந்த வேலைக்கு உதவும் என்று ஆட்கின்ஸ், பீட்டர்சன் என்ற இரண்டு அமெரிக்க வேதியியலாளர்கள் 1931இல் வெளியிட்டார்கள். பிளைவுட் ஒட்டும் பசையிலிருந்து மெலமைன் தட்டு வரை அந்த ஃபார்மால்டிஹைடு போய்ச் சேர்கிறது.

இதில் சுவாரசியம் என்னவென்றால், வெறும் இரும்பு ஆக்சைடில் மெத்தனாலை விட்டால் அது எரிந்து கார்பன் டைஆக்சைடாகப் போய்விடும். வெறும் மாலிப்டினம் ட்ரையாக்சைடு ஃபார்மால்டிஹைடைத்தான் தரும், ஆனால் அதன் பரப்பளவு குறைவு, வேலை மந்தம். இரண்டும் சேர்ந்தால் வேகமும் வருகிறது, தேர்வுத்திறனும் (வேண்டிய பொருளை மட்டும் தரும் தன்மை) வருகிறது. சேர்மத்தின் வாய்ப்பாட்டுப்படி ஓர் இரும்புக்கு ஒன்றரை மாலிப்டினம் போதும். தொழிற்சாலையிலோ வேண்டுமென்றே அதைவிடக் கூடுதலாகப் போடுகிறார்கள். ஏனென்றால் குழாயின் சூடான பகுதியில் மாலிப்டினம் மெத்தனாலோடு சேர்ந்து ஆவியாகிக் கிளம்பிவிடும். கொஞ்சம் கீழே, குளிர்ந்த இடத்தில், ஊசி ஊசியாகப் படிந்து வாயு போகும் வழியை அடைக்கும். மாலிப்டினம் போன இடத்தில் இரும்பு தலைகாட்டினால் மெத்தனால் எரியத் தொடங்கும். ஆக, வெளிப்படலத்தில் யார் நிற்கிறார் என்பதுதான் இங்கே முழுக் கதை.

எக்ஸ்பிஎஸ் எப்படி வேலை செய்கிறது, சுருக்கமாக?

எக்ஸ் கதிரை அடித்தால் அணுவின் உள்கூட்டிலிருந்து எலக்ட்ரான் வெளியே வரும். அடித்த கதிரின் ஆற்றல் தெரியும். அலுமினியம் மூலம் என்றால் 1486.6 எலக்ட்ரான் வோல்ட். வந்த எலக்ட்ரானின் இயக்க ஆற்றலை அளக்கிறோம். இதையும் கருவியின் வெளியேற்று ஆற்றலையும் கழித்தால் பிணைப்பு ஆற்றல். அதை வைத்து எந்தத் தனிமம் என்றும், சற்று நகர்ந்திருந்தால் எந்த ஆக்சிஜனேற்ற நிலை என்றும் சொல்லலாம். இதை நம்பகமான கருவியாக வளர்த்தவர் ஸ்வீடனின் உப்சாலாவில் இருந்த காய் சீக்பான். 1981இல் இயற்பியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. ஹைட்ரஜனும் ஹீலியமும் இதில் தெரியா. ஹைட்ராக்சில் இருக்கிறது என்று சொல்லும்போதுகூட நாம் பார்ப்பது ஆக்சிஜனைத்தான்.

எக்ஸ்பிஎஸ்ஸில் மாலிப்டினம்–இரும்பு விகிதம் சுமார் 2 என்று வந்தது. அப்படியென்றால் மேலே இரண்டுக்கு ஒன்று என்று எழுதலாமா?

கூடாது. இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் தெரிந்தால் பாதிக் கட்டுரைகளில் உள்ள பிழை குறைந்துவிடும். எக்ஸ்பிஎஸ் "மேற்பரப்பு முறை" என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம், மாணவர்கள் அதை மேல் அணுப்படலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது சில நானோமீட்டர் ஆழத்தின் சராசரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எலக்ட்ரான் மோதாமல் வெளியே வரக்கூடிய சராசரித் தூரம் 2 நானோமீட்டர் என்று வையுங்கள். வெளிப்படலம் முழுக்க மாலிப்டினம், இரும்பே கிடையாது, தடிமன் 0.35 நானோமீட்டர். அதற்குக் கீழே சாதாரண இரும்பு மாலிப்டேட். அங்கே உலோக அணுக்களில் 60 விழுக்காடு மாலிப்டினம், 40 விழுக்காடு இரும்பு. நேராக மேலே வரும் எலக்ட்ரான்களில் வெளிப்படலத்தின் பங்கு சுமார் 16 விழுக்காடுதான். மீதி 84 விழுக்காடு கீழிருந்து வருகிறது. அப்போது மாலிப்டினத்தின் பங்கு 16 உடன் 84இன் அறுபது விழுக்காட்டைக் கூட்டி ஏறக்குறைய 66. இரும்பு 34. விகிதம் 2க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

பாருங்கள், மேலே இரும்பு ஓர் அணுகூட இல்லை. எக்ஸ்பிஎஸ்ஸோ இரண்டுக்கு ஒன்று என்கிறது. கருவி பொய் சொல்லவில்லை, நாம்தான் கேட்காத கேள்விக்குப் பதில் எடுத்துக்கொள்கிறோம். இரும்பின் எலக்ட்ரான் மாலிப்டினத்தினுடையதைவிட மெதுவாக வருவதால் அதன் தப்பும் ஆழம் கொஞ்சம் குறைவு, ஆகவே உண்மைக் கணக்கில் விகிதம் சற்றுக் கூடும். ஆனால் கதை மாறாது. இதே 2 என்ற எண், மேற்படலம் இல்லாமல் மாலிப்டினம் ட்ரையாக்சைடு துணுக்குகள் தனியாகக் கலந்து கிடந்தாலும் வரலாம்.

அப்படியானால் வெளிப்படலத்தை மட்டும் எப்படிப் பார்ப்பது?

குறைந்த ஆற்றல் அயனிச் சிதறல். ஹீலியம் அயனியை ஒன்று முதல் சில ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் மேற்பரப்பின் மேல் விட்டு, திரும்பி வருவதன் ஆற்றலை அளப்பது. கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் காயில் பட்டுத் திரும்புவதுபோல்தான். காய் எவ்வளவு கனமோ அவ்வளவு வேகத்தோடு ஸ்ட்ரைக்கர் திரும்பும். ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்டில் அடித்து 90 டிகிரி கோணத்தில் பார்த்தால், ஆக்சிஜனில் பட்டது 600இலும், இரும்பில் பட்டது 867 அளவிலும், மாலிப்டினத்தில் பட்டது 920இலும் வரும். நிறைகளின் வித்தியாசத்தை நிறைகளின் கூட்டலால் வகுத்தால் போதும், கையாலேயே போடலாம். உள்ளே போன அயனிகள் பெரும்பாலும் எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டு நடுநிலையாகிவிடும், அதனால் கணக்கில் வருவது வெளிப்படலம் மட்டுமே.

இரும்பு மாலிப்டேட்டை இப்படிப் பார்த்தவர்களுக்கு வெளியே கிடைத்தது மாலிப்டினம்தான், இரும்பு அடியில் மறைந்திருந்தது. இரும்பு ஆக்சைடு துகள்களின் மேல் கொஞ்சம் மாலிப்டினத்தைப் பூசிச் சூடேற்றினாலும் அது உள்ளே முழுக்கப் போய்விடாமல் மேலேயே தங்கிக்கொள்கிறது.

ஒரு தொல்லை. காற்றில் கிடந்த தூளின் மேல் அழுக்குக் கார்பன் படலம் இருக்கும். எக்ஸ்பிஎஸ்ஸுக்கு அது மெல்லிய திரை. இந்த முறைக்கோ கெட்டிச் சுவர். ஆக்சிஜனில் சூடாக்கிச் சுத்தம் செய்யாமல் அனுப்பினால் பணம் தண்டம்.

ஆக்சிஜன் 1எஸ் (உள்கூட்டு எலக்ட்ரான்) நிறமாலையில் 531 எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு பீக் வருகிறது. அதை "ஆக்சிஜன் காலியிடம்" என்று எழுதலாமா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், அதைவிட அதிகம் பேர் கேட்காமலே எழுதிவிடுகிறார்கள். என் பதில்: எழுதாதீர்கள்.

எளிய காரணம் முதலில். காலியிடம் என்றால் அங்கே அணு இல்லை. இல்லாத அணுவிலிருந்து எலக்ட்ரான் எப்படி வரும்? "காலியிடத்துக்குப் பக்கத்தில் உள்ள ஆக்சிஜன் அணுவிலிருந்து வருகிறது" என்பது அடுத்த வாதம். ஆனால் ஓர் ஆக்சிஜன் போகும்போது விட்டுச்செல்லும் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் பக்கத்து உலோக அயனிகளில் போய் உட்காருகின்றன. அதனால்தான் சீரியம் 4+ சீரியம் 3+ ஆகிறது. பக்கத்து ஆக்சிஜனின் நிலை ஒன்றரை எலக்ட்ரான் வோல்ட் நகரும் அளவுக்கு மாறுவதில்லை. தவிர, மேற்பரப்பில் உண்மையாகவே காலியிடம் இருந்து, அந்தத் தூளை நீங்கள் குப்பியில் போட்டு ஒரு வாரம் வைத்திருந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரப்பதமும் அதைச் சும்மா விட்டுவைக்குமா?

பின் அந்த 531 என்ன? பெரும்பாலும் ஹைட்ராக்சில். சீரியா (சீரியம் ஆக்சைடு), லாந்தனம், காரமண் உலோகங்கள் உள்ள ஆக்சைடாக இருந்தால் கார்பனேட்டும் சேர்ந்திருக்கும். படிகக்கூட்டு ஆக்சிஜன் 529.5 முதல் 530.5 வரை வரும், ஒட்டிய நீர் 533 பக்கம். சோதித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. கார்பன் 1எஸ் வரைபடத்தை எடுத்து 289 பக்கம் பாருங்கள், அங்கே மேடு இருந்தால் கார்பனேட்டோ கார்பாக்சிலோ இருக்கிறது, அதற்குரிய ஆக்சிஜனும் 531–532இல்தான் விழும். கருவியில் வசதி இருந்தால் தூளை வெற்றிடத்திலேயே சூடாக்கி மறுபடி எடுங்கள். 531 தேய்ந்தால் அது போனது ஹைட்ராக்சிலாகவோ கார்பனேட்டாகவோதான் இருக்கும். காலியிடமாக இருந்தால், வெற்றிடச் சூட்டில் கூடியல்லவா இருக்க வேண்டும்?

காலியிடம் பற்றிப் பேசியே ஆகவேண்டும் என்றால் உலோகத்தின் பக்கமிருந்து வாருங்கள். ஒடுங்கிய அயனி எவ்வளவு, ஈபிஆர் (இணைசேராத எலக்ட்ரான்களைக் காட்டும் முறை) என்ன சொல்கிறது, சீரியாவின் ராமன் நிறமாலையில் 464 செ.மீ⁻¹ பட்டைக்கு எதிரே 600 பக்கமுள்ள குறைபாட்டுப் பட்டை எப்படி இருக்கிறது, ஹைட்ரஜனில் ஒடுக்கும்போது எந்த வெப்பநிலையில் ஆக்சிஜன் கழல்கிறது. இவை சேர்ந்து ஒரே திசையைக் காட்டினால் தைரியமாக எழுதலாம்.

கார்பனை 284.8இல் வைத்து எல்லாவற்றையும் நகர்த்துவது சரியா?

வழக்கம் அதுதான். ஆக்சைடு தூள் மின்சாரம் கடத்தாது, எலக்ட்ரான் போகப் போக நேர்மின்னூட்டம் சேரும், எல்லாப் பீக்குகளும் தள்ளிப் போகும். அழுக்குக் கார்பனை அளவுகோலாக வைத்து இழுத்துக்கொள்கிறோம். அந்தக் கார்பன் எல்லாத் தூளிலும் ஒரே மாதிரி ஒட்டியிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆகவே 0.2 எலக்ட்ரான் வோல்ட் நகர்ந்ததை வைத்து "எலக்ட்ரான் இரும்பிலிருந்து மாலிப்டினத்துக்குப் போனது" என்று கதை கட்டாதீர்கள். ஒரே வரைபடத்துக்குள் உள்ள இடைவெளிகளை நம்பலாம். மாலிப்டினம் 3டி இரட்டைப் பீக்கின் இடைவெளி 3.1க்கு அருகில் இருக்கும், எந்த மின்னூட்டமும் அதை மாற்றாது. மாங்கனீஸில் 3எஸ் பிளவு இதைவிட உபயோகமானது: 2+ என்றால் 6 பக்கம், 4+ என்றால் 4.5 பக்கம்.

செம்பில் 1+ எது, உலோகம் எது என்று பிரிக்கவே முடியவில்லையே?

2பி பீக்கை வைத்துப் பிரிக்க முடியாது, இரண்டும் 932.5 அருகிலேயே விழும். 940–945இல் துணைப்பீக் இருந்தால் 2+ உண்டு என்று மட்டும் சொல்லலாம். மற்ற இரண்டுக்கும் ஓஷே எலக்ட்ரான்களைப் பாருங்கள் (உள்கூட்டில் விழுந்த குழியை மேலிருந்து ஓர் எலக்ட்ரான் நிரப்பும்போது வெளியே தள்ளப்படும் இன்னோர் எலக்ட்ரான்): உலோகம் இயக்க ஆற்றலில் 918.6 அளவில், செம்பு 1+ ஆக்சைடு 916.8 அளவில். அந்தப் பகுதியையும் அளக்கச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், இல்லையென்றால் எடுத்துத் தரமாட்டார்கள்.

சீரியத்துக்குப் பத்துப் பீக் பொருத்தினேன். 3+ முப்பது விழுக்காடு வந்தது. நம்பலாமா?

பத்து என்பது சரி. 4+க்கு ஆறு, 3+க்கு நான்கு. அவற்றில் தனியாக, யாரோடும் ஒட்டாமல் 917 பக்கம் நிற்பது 4+க்கு மட்டுமே உரியது. கண்ணால் முதலில் அதைப் பாருங்கள். ஆனால் எக்ஸ் கதிரும் வெற்றிடமும் சேர்ந்து சீரியாவைத் தாமே ஒடுக்கிவிடும். நீங்கள் அளந்த 3+இல் எவ்வளவு வினையூக்கியுடையது, எவ்வளவு கருவி உண்டாக்கியது? தூளை உள்ளே வைத்ததும் சீரியத்தை முதலில் எடுக்கச் சொல்லுங்கள், எல்லாம் முடிந்த பின் கடைசியில் இன்னொரு முறை. இரண்டும் ஒன்றானால் நிம்மதி. பல ஆய்வகங்களில் பழக்கப்படி கார்பனில் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் சீரியத்துக்கு வருகிறார்கள்.

ஆர்கான் அயனியால் சுரண்டி ஆழம் ஆழமாகப் பார்க்கலாமா?

ஆக்சைடில் வேண்டாம். ஆக்சிஜன் முதலில் பறந்துவிடும், மாலிப்டினம் 6+ கீழ்நிலைக்கு இறங்கிவிடும். அப்புறம் அந்தக் கீழ்நிலையை நீங்கள் கண்டுபிடித்ததாக எழுதுவீர்கள்.

ராமன் நிறமாலை மேற்பரப்பு முறையா?

சர் சி. வி. ராமன் திருச்சியில் பிறந்தவர் என்பதால் நமக்கு அதன்மேல் ஒரு தனிப் பாசம் உண்டு, ஆனால் பதில்: பொதுவாக இல்லை. ஒளி உள்ளே ஊடுருவும் தூரம் முழுக்க அது பேசும். ஆனாலும் இரும்பு மாலிப்டேட்டுக்கு அதைப்போல் மலிவான உதவி வேறில்லை. இரும்பு மாலிப்டேட்டின் வலுவான பட்டை 782 செ.மீ⁻¹ பக்கம், 968, 990 பக்கமும் உண்டு. மாலிப்டினம் ட்ரையாக்சைடுக்கு 995, 819, 666. 990-ஐயும் 995-ஐயும் பிரிக்க முயன்று நேரத்தை வீணாக்காமல் 819-ஐப் பாருங்கள். எக்ஸ்ஆர்டியில் தெரியாத அளவு மிகுதி மாலிப்டினம் அங்கே தலைநீட்டும். மேலே சொன்ன "விகிதம் 2" குழப்பத்துக்கும் இது உதவும்: 819 இருந்தால் தனித் துணுக்குகள் உண்டு என்று தெரிந்துவிடும்.

விதிவிலக்கு, டைட்டானியா (டைட்டானியம் ஆக்சைடு) போன்ற தாங்கியின் மேல் படர்த்திய வனேடியம். மேலே மட்டுமே வனேடியம் இருப்பதால், அதன் பட்டை எதுவானாலும் மேற்பரப்பைப் பற்றியதுதான். உலர்த்தி அளந்தால் 1030 பக்கம் தனித்த வனேடைல் தெரியும், 995இல் கூர்மையாக வந்தால் படிகம் கட்டிவிட்டது என்று பொருள். ஈரத்தோடு அளந்தால் இதெல்லாம் மங்கிக் குழம்பும். எங்கே, எந்த வெப்பத்தில் உலர்த்தினோம் என்று எழுதாத வரைபடத்தை நான் படிப்பதில்லை.

அகச்சிவப்பு எதற்கு?

மேலே எந்த உலோகம் நிற்கிறது என்று மூலக்கூறையே அனுப்பிக் கேட்பதற்கு. பிரிடின் விட்டால் 1450 செ.மீ⁻¹இல் லூயி அமிலம் (எலக்ட்ரான் இணையை வாங்குவது), 1545இல் பிரான்ஸ்டெட் அமிலம் (புரோட்டானைத் தருவது). 1490 இரண்டுக்கும் பொது, அதை வைத்து வழக்காட முடியாது. எனக்குப் பிடித்தது மெத்தனாலையே அனுப்புவது, ஏனென்றால் வினையில் வருவதும் அதுதான். மேலே மெத்தாக்சி (மெத்தனால் ஒரு ஹைட்ரஜனை இழந்து ஒட்டியது) உண்டாகிறதா, சூடாக்கும்போது ஃபார்மேட்டாக மாறி 1550–1600 பகுதியில் பட்டை எழுகிறதா என்று பாருங்கள். ஃபார்மேட் எழுந்தால் இரும்பு வெளியே எட்டிப் பார்க்கிறது என்று சந்தேகப்படலாம், அதன் அடுத்த படி கார்பன் டைஆக்சைடு.

வெற்றிடத்தில் பார்த்தது 300 டிகிரியில் மெத்தனாலும் காற்றும் ஓடும்போது செல்லுமா?

நியாயமான சந்தேகம். இந்த வினை மார்ஸ்–வான் கிரெவெலன் வழியில் நடக்கிறது, 1954இல் அந்த இரண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் முன்வைத்தது. மெத்தனால் எடுப்பது வாயு ஆக்சிஜனை அல்ல, படிகக்கூட்டிலுள்ள ஆக்சிஜனை. அந்தக் குழியைக் காற்று பிறகு நிரப்புகிறது. ஆகவே ஓடும்போது மேற்பரப்பு எவ்வளவு ஒடுங்கியிருக்கும் என்பது மெத்தனால்–காற்று விகிதத்தைப் பொறுத்தது. காற்று போதாவிட்டால் உள்ளே வேறொரு மாலிப்டேட்டே உருவாகிவிடும், அதில் இரும்பு 2+. வெளியே எடுத்துக் காற்றில் வைத்த நிமிடமே பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கும்.

இதற்காகத்தான் சில மில்லிபார் அழுத்தத்தில் வேலை செய்யும் எக்ஸ்பிஎஸ் கருவிகள் வந்தன. பெர்லின், பெர்க்லி, லுண்ட் போன்ற இடங்களின் சிங்க்ரோட்ரான்களில் (வலுவான எக்ஸ் கதிர் தரும் பெரிய முடுக்கிகள்) உண்டு, இந்தியாவில் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்திலும் உண்டு. மில்லிபாரும் தொழிற்சாலை அழுத்தம் அல்ல. ஆனால் 10⁻⁹ மில்லிபாரிலிருந்து ஒரு மில்லிபாருக்கு வருவது ஒன்பது படி ஏறியது.

கையில் பணம் குறைவு. எதை முதலில் எடுக்கலாம்?

ராமன், அப்புறம் மெத்தனால் அகச்சிவப்பு. இரண்டும் பெரும்பாலும் உங்கள் வளாகத்திலேயே இருக்கும். எக்ஸ்பிஎஸ்ஸுக்கு ஒரு தூளை அனுப்பாதீர்கள், மூன்று அனுப்புங்கள்: புதியது, வினையில் ஓடியது, ஒப்பிடத் தனி மாலிப்டினம் ட்ரையாக்சைடு. ஒப்பிட ஒன்றில்லாத எக்ஸ்பிஎஸ் வெறும் படம்தான்.

தூளை எப்படி அனுப்புவது?

நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என் முதல் தொகுதியில் எல்லாத் தூள்களிலும் 102 பக்கம் சிலிக்கான் வந்தது. நான் சிலிக்கான் போடவே இல்லை. தாங்கியில் மாசு, மூலப்பொருளில் மாசு என்று இரண்டு மாதம் தேடினேன். கடைசியில் பார்த்தால், உலையின் கண்ணாடி மூட்டில் தடவிய சிலிக்கோன் கிரீஸ். சூட்டில் ஊர்ந்து வந்து தூளின் மேல் மெல்லப் படர்ந்திருக்கிறது. எடையில் ஒன்றுமில்லை, எக்ஸ்ஆர்டியில் ஒன்றுமில்லை, மேலே மட்டும் முழுக்க அது. அதிலிருந்து, சுத்தமான கண்ணாடிக் குப்பி, பொடி படாத கையுறை, மூடிக்குள் ரப்பர் இருந்தால் அலுமினியத் தாள். தூளை ஒட்டும் டேப்பை வெறுமையாக ஒரு துண்டு சேர்த்து அனுப்புவேன், அதையும் அளக்கச் சொல்லி. குப்பியின் மேல் சுட்ட தேதியை எழுதுவேன், தூளின் பெயரைவிடப் பெரிய எழுத்தில்.